எரர் ஒன்றும் இல்லை

மதுரையில் கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வண்டியில் கோளாறு இருப்பது பிரச்சினை இல்லை. கோளாறு இருக்கிறது என்று டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதே, அதுதான் பிரச்சினை. அந்த விளக்கை அணைத்துக் கொடுப்பவள் நான். பதினான்கு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஒர்க்‌ஷாப் போர்டில் என் வேலைக்கு வாயில் நுழையாத ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "லைட் போயிருச்சா?"

எங்கள் ஒர்க்‌ஷாப் கப்பலூர் தொழிற்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. எல்லாக் கம்பெனி வண்டியும் பார்ப்போம். இன்ஜின் வேலை, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் ஆண்கள் பக்கம். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. என் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். என்னையும் ஒரு டீச்சராக்கிவிட அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு காருக்குக் கார் ஏறி இறங்குகிறவளாகிவிட்டேன். மெக்கானிக்குகளுக்கு நான் ஸ்கேனர் அக்கா. கோபக்காரி என்றும் ஒரு பெயர் உண்டு, அதை என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள்.

இந்தச் சின்னக் கார்களின் ஸ்டீயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் என்னவென்று விளங்காது. முன்பெல்லாம் ஸ்டீயரிங் லேசாகத் திரும்புவதற்கு உள்ளே எண்ணெய் ஓடும். இப்போது ஒரு மோட்டார் இருக்கிறது. நம் கை எவ்வளவு முறுக்குகிறது என்று டார்க் சென்சார் என்ற ஒன்று பார்க்கும். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெட்டி மோட்டாரை ஓட்டும். அந்தப் பெட்டிக்கு ஏதாவது சந்தேகம் வந்துவிட்டால் போதும், மோட்டாரை நிறுத்திவிட்டு மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். அப்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது, ஆனால் சட்டென்று கனத்துவிடும். பலம் கொடுத்தால் திருப்பலாம். ஒரு விரலால் திருப்பிப் பழகியவனுக்கு, வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தப் பலத்தைக் கொடுக்க வேண்டும் என்று புரிவதற்குள் வளைவு முடிந்துவிடும்.

விளக்கைப் போடும்போதே அந்தப் பெட்டி தனக்குள் ஒரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளும். அதைத்தான் நாங்கள் எரர் என்கிறோம். ஸ்கேனரைச் சொருகினால் அந்த எண் தெரியும். இந்த எண்ணை வேதவாக்காக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டார்க் சென்சார் என்று எண் வந்தால் உடனே ஸ்டீயரிங் கம்பத்தையே கழற்றி வீசிவிட்டுப் புதிது போடுவார்கள். பழையதும் புதியதும் ஒரே மாதிரி எரர் காட்டும்போது முழிப்பார்கள். எரர் என்பது புகார் கொடுத்தவன் சொன்ன சொல், அவ்வளவுதான். திருடனை நாம்தான் போய்த் தேட வேண்டும். அதற்கு மீட்டரை எடுத்துக்கொண்டு வயர் வயராகக் குனிய வேண்டும், நேரம் ஆகும். எங்கள் கடையில் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு சாமான் அந்த நேரம்தான்.

அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்களுக்கு மட்டுமில்லை, இந்த ரோட்டில் ஸ்கேனர் வைத்திருக்கும் எல்லாக் கடைக்கும் அதே வழக்கம்தான். எரரை அழித்து வண்டியை விட்டுவிடுவது. திரும்ப வந்தால் பார்த்துக்கொள்வது. முன்பு நான் ஒரு பெரிய ஷோரூம் சர்வீஸில் வேலை பார்த்தபோது, அழிப்பதற்கு முன் எரரை எழுதி வை, எந்த நிலையில் விழுந்தது என்று பார், அதன் பிறகு அழி என்று மண்டையில் ஏற்றியிருந்தார்கள். கப்பலூருக்கு வந்த ஆறாவது மாதத்திலேயே அதையெல்லாம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பது பொய். செய்யாமல் விட்டேன்.

டிரைவர் அண்ணன் ஒருவர் ஸ்டீயரிங் கோளாறு என்று முதல் தடவை வந்தது தீபாவளி கழிந்து மழை விட்டிருந்த ஒரு காலையில். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, தம்பி பார்த்துக்கொண்டார். இவர் இருபத்தேழு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவர். நாகமலை புதுக்கோட்டையில் வீடு வைத்திருக்கும் ஒரு டைல்ஸ் கடைக்காரரிடம் கடைசி ஏழு வருஷமாக நிரந்தர டிரைவர். வண்டி எப்போது வந்தாலும் சுத்தமாக இருக்கும். சீட்டில் விரித்த துண்டைக்கூட நான் ஏறுவதற்கு முன் மடித்து எடுத்துவிடுவார். ஒரு கீறல், ஒரு டொக்கு இல்லாத வண்டி. அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

இடது பக்கம் ஒடிக்கும்போது ஒரு நொடி யாரோ ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வதுபோல இருக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது, விளக்கும் எரிந்து அணைகிறது என்றார். ஸ்கேனரைச் சொருகினேன். ஸ்டீயரிங் பெட்டிக்கு வரும் வோல்டேஜ் குறைவு என்று ஒரு எரர். இப்போது இல்லை, முன்பு வந்து போனது என்ற குறிப்புடன். பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. செல்ஃப் அடித்தால் ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆகிறது. அழித்தேன். தொழிற்பேட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய்போலத் திரும்பியது. போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தார். இந்த முறை இரண்டு எரர். வோல்டேஜ் குறைவு ஒன்று, டார்க் சென்சார் ஒன்று. அன்றைக்கு எனக்கு முன்னால் நான்கு வண்டிகள் நின்றன. டைல்ஸ் கடைக்காரர் டிரைவருக்கு இரண்டு முறை போன் போட்டு, மூன்றாவது முறை என்னிடமே போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன கோளாறு என்று கேட்கவில்லை. லைட் போய்விட்டதா என்றுதான் கேட்டார். நான் சென்சார் சாக்கெட்டைக் கழற்றி, ஸ்பிரே அடித்து, மாட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கவனிச்சேன். லைட்டப் போட்டுக்கிட்டு திருப்புறப்ப ஹெட்லைட்டு லேசா மங்குது. ஸ்டேரிங்க விட்டா பழையபடி ஆயிருது."

இதைவிடத் தெளிவாக எந்த ஸ்கேனரும் சொல்லாது. ஸ்டீயரிங் மோட்டார் கரண்ட்டை இழுக்கும்போது விளக்கு மங்குகிறது என்றால், கரண்ட் திரும்பி வருகிற வழியில், அதாவது எர்த் வயரில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். டிப்ளமோ முதல் வருஷப் பாடம். இருபத்தேழு வருஷம் வண்டியோடு குடித்தனம் நடத்திய ஒரு மனிதர் கோளாறைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கேனர் டார்க் சென்சார் என்கிறது, இவர் ஹெட்லைட் கதை சொல்கிறார் என்று எரிச்சல்தான் வந்தது. எண்ணை வேதவாக்காக நினைப்பவர்களைத் திட்டுகிற வாய் என் வாய்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாக்கெட்டை மாட்டி, எரரை அழித்துவிட்டு, சும்மா இருக்காமல் ஒரு கிண்டலும் செய்தேன்.

"அண்ணே, வண்டிக்கு வயசு நாலு. உங்களுக்கு அம்பத்தஞ்சு. மக்கர் பண்றது எதுவா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. கையக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டுங்க."

டிங்கரிங் பக்கம் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது கையை விரித்து, மூடி, ஒரு தடவை பார்த்துக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டு வாரேன் தங்கச்சி என்று சொல்லிக் கிளம்பினார்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பல்கலைக்கழக ரோட்டிலிருந்து வீட்டுத் தெருவுக்கு இடது பக்கம் திரும்பும் இடத்தில் வண்டி திரும்பாமல் அகலமாகப் போய், எதிர்ப்பக்கத்துப் புளிய மரத்தில் இடித்தது. காலை ஒன்பது மணி, வெயில் நன்றாக அடித்த நேரம். பின் சீட்டில் இருந்த டைல்ஸ் கடைக்காரரின் மனைவிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. டிரைவர் அண்ணனுக்கு நெற்றியில் இரண்டு தையல். போலீஸ், கேஸ் என்று எதுவும் போகவில்லை. குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். பேசி முடித்தது என்றால், டிரைவர் தூங்கிவிட்டான் என்று முடிவு செய்து அவரை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தூங்கிவிட்டான் என்பது, ராத்திரி போட்டது இறங்கவில்லை என்று ஆகிவிட்டது. அந்த மனிதர் டீ தவிர எதையும் தொடாதவர் என்று எனக்கே தெரியும்.

நான்காம் நாள் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நெற்றியில் பிளாஸ்திரி. வண்டி இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல நின்றார். வேலை போனதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவில்லை. ஆக்டிங் டிரைவராகப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். கூப்பிட்டபோது போய் அடுத்தவர் வண்டியை ஓட்டிக் கொடுக்கும் வேலை அது. ஆனால் அதற்குப் பெயர் வேண்டும். தூங்கி வண்டியை மரத்தில் விட்டவன், குடித்துவிட்டு ஓட்டுபவன் என்று பெயர் விழுந்தவனை எந்தக் குடும்பமும் தன் பிள்ளைகளை ஏற்றிச் செல்லக் கூப்பிடாது. ஏற்கெனவே இரண்டு வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் தூங்கல தங்கச்சி. ஒடிச்சேன், திரும்பல. வண்டி இங்கதான் வேலைக்கு வரும். அந்தப் பெட்டிக்குள்ள எழுதிருக்கும்ல? அத மட்டும் பாத்து எங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு வேலை திரும்பக் கெடைக்கணும்னு இல்ல. தூங்கலன்னு தெரிஞ்சாப் போதும்."

பார்க்கிறேன் அண்ணே, கண்டிப்பாகப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு டீ வாங்கி வரப் போனேன், வேண்டாம் என்று போய்விட்டார்.

வண்டியை மறுநாள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். முன் பம்பர், இடது பக்கத் தகடு, விளக்கு போயிருந்தன. ரேடியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்ஜின் ஓடியது. யாரும் சொல்லாமல் நானே முதலில் ஏறி ஸ்கேனரைச் சொருகினேன். இருந்தது. வோல்டேஜ் குறைவு. எரர் விழுந்தபோது வண்டி எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருந்தது, என்ன வேகத்தில் போனது என்பதையும் அந்தப் பெட்டி எழுதி வைத்திருந்தது. கிலோமீட்டர், இப்போது மீட்டரில் நின்ற அதே எண். வேகம் முப்பத்தெட்டு. அதாவது மரத்தில் மோதி நிற்பதற்கு முன்பு, வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதே, மோட்டார் கையை விட்டிருக்கிறது. அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவருக்காக வந்த சந்தோஷம்தான் அது. இரண்டு நிமிஷம்தான் நீடித்தது.

ஏனென்றால் அன்றைக்குத்தான் நான் மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை ஸ்டீயரிங் பெட்டியின் எர்த்திலும் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு மெக்கானிக்கை ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பச் சொன்னேன். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பத்து நிமிஷ வேலை. முதல் தடவையே செய்திருக்க வேண்டிய பத்து நிமிஷம்.

பேட்டரியிலிருந்து இரண்டு எர்த் வயர்கள் போகும். ஒன்று இன்ஜினுக்கு, அது நன்றாக இருந்ததால்தான் செல்ஃப் ஒரே மூச்சில் அடித்தது. இன்னொன்று பாடிக்கு. பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த போல்ட்டைக் கழற்றினேன். வயரின் வளையத்துக்கு அடியில், தகடு பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில், கருப்புப் பெயிண்ட். தடிமனாக, அழகாக, ஒரு இடம் விடாமல். மேலே மரையில் துரு.

அந்தப் பெயிண்ட் எங்கள் கடையில் அடித்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் இந்த ஊரில் எல்லா வண்டியும் மினுங்கியாக வேண்டும். வெளியே மட்டுமில்லை, பானெட்டைத் திறந்தாலும் மினுங்க வேண்டும், அங்கேயும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். இந்த வண்டியில் பேட்டரி ஆசிட் வழிந்து தட்டு துருப்பிடித்திருந்தது. எங்கள் பெயிண்டர் சுரண்டி, கருப்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் எர்த் வயரை அதன் மேலேயே முறுக்கிவிட்டார். பூஜை அவசரம். கொஞ்ச நாள் மரை வழியாக கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மழை வந்து மரையில் துரு ஏறியதும் ஸ்டீயரிங் மோட்டாருக்கு மட்டும் போதவில்லை. வண்டிக்குக் கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கி வழியனுப்பியவர்களே நாங்கள்தான்.

எங்கள் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்காக இருந்து கடை வைத்தவர், பார்த்தவுடன் புரிந்துகொண்டார். போல்ட்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்.

"உசுருக்கு ஒண்ணும் ஆகலைல. அந்தம்மாவுக்கும் கை சரியாயிரும். இது வெளிய போச்சுன்னா கப்பலூர்ல ஒரு வண்டி நம்மகிட்ட ஏறாது. பதினோரு குடும்பம் இதுல சோறு திங்கிது. சரி பண்ணி, அழிச்சு விட்டுரும்மா."

அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. சாதாரணமாகச் சொன்னார். நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம், போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் எனக்கு அப்போது வேறொரு கணக்கு ஓடியது. வெளியே வந்தால் பெயிண்டர் மட்டும் மாட்ட மாட்டார். இரண்டு தடவை எரரைப் பார்த்துவிட்டு அழித்து அனுப்பியவள் யார் என்று கேட்பார்கள். ஹெட்லைட் மங்குகிறது என்று அந்த ஆள் சொன்னாரே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். பதினோரு குடும்பம் என்று முதலாளி சொன்னது எனக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. நான் பயந்தது எனக்காக.

உப்புத்தாள் போட்டுப் பெயிண்ட்டைத் தேய்த்தேன். தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். போல்ட்டை மாற்றி முறுக்கினேன். காரில் ஏறி உட்கார்ந்தேன். அழிக்கட்டுமா என்று ஸ்கேனர் கேட்கும், ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வரும். வருஷக்கணக்கில் அந்தக் கேள்வியை நான் படித்ததே இல்லை, விரல் தானாகப் போய்விடும். அன்றைக்கு மட்டும் நன்றாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

டிரைவர் அண்ணன் அன்று மதியமே போன் செய்தார்.

"எரர் ஒண்ணும் இல்லண்ணே," என்றேன். அந்த நிமிஷத்தில் அது உண்மைதான். இல்லை.

அவருக்குப் பின்னால் ஏதோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நல்லாப் பாத்தீங்களா தங்கச்சி என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நல்லாப் பார்த்தேன் என்றேன். சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுக்கும்? டைல்ஸ் கடைக்காரர் அடுத்த சர்வீஸுக்குப் புது டிரைவருடன் வந்தார். வெயிலுக்கு மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், டிரைவரை மாற்றியதும் ஸ்டீயரிங் சரியாகிவிட்டதாம், அந்த லைட் ஒரு தடவைகூட எரியவில்லையாம், கோளாறு வண்டியில் இல்லை என்று அவருக்கு அப்போதே தெரியுமாம். எங்கள் முதலாளி தலையை ஆட்டினார். பெயிண்டர் வேறு பக்கம் பார்த்தார். நான் பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் போட்டோ எடுத்துவிட்டுத்தான் அழிக்கிறேன். எர்த்தைப் பார்க்காமல் ஒரு ஸ்டீயரிங் வண்டியையும் விடுவதில்லை. மெக்கானிக்குகள் முனகுகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு வருவதற்கு இன்னொருவருடைய இருபத்தேழு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது, இதில் பெருமை என்ன வேண்டிக் கிடக்கிறது.

போன வருஷம் வைகாசியில் எங்கள் மெக்கானிக் ஒருவருக்குக் கல்யாணம். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மண்டபம். முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி உள்ளே நுழைந்தேன். நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் கார்களை ஒழுங்குபடுத்தி நிறுத்திக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், நம் டிரைவர் அண்ணன். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். என் ஸ்கூட்டருக்கு வேப்ப மரத்தடியில் நிழலாக ஒரு இடம் பிடித்துக் கொடுத்தார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆக்டிங் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை, அதனால் இங்கே வந்துவிட்டதாகச் சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டு டாக்டரிடம் கையைக் காட்டியதாகச் சொன்னார். கழுத்தில் எக்ஸ்ரே எடுத்தார்களாம். தேய்மானம் இருக்கிறதாம், அதுதான் இடது கைக்கு வருகிற நரம்பை அமுக்குகிறதாம். ஐம்பத்தைந்து வயது மனிதரின் கழுத்தைப் படம் எடுத்தால் தேய்மானம் இல்லாமலா இருக்கும். தினமும் மாத்திரை, எண்ணெய், வாரம் ஒரு நாள் கரண்ட் வைத்தியம் என்று அடுக்கினார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க தங்கச்சி, கைதான்னு. நாந்தான் அம்புட்டு நாளும் வண்டியக் குத்தஞ்சொல்லிக்கிட்டு இருந்தேன். நல்லவேள, அந்தம்மாவுக்குக் கையோட போச்சு. இப்பல்லாம் நான் ஸ்டேரிங்கத் தொடுறதே இல்ல. தம்பி வீட்டு டிராக்டரக்கூடத் தொடல."

பந்தியிலிருந்து சாம்பார் வாசனையும் மைக்கில் யாரோ பேரைக் கூப்பிடும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. அங்கேயே, அந்த வெயிலில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேட்டரித் தட்டுக்குப் பக்கத்து போல்ட், கருப்புப் பெயிண்ட், எங்கள் பெயிண்டர், பூஜை அவசரம், ஹெட்லைட் மங்கியதை அவர் சொல்லி நான் கேட்காதது, மீட்டரில் காட்டிய இரண்டு வோல்ட், வேகம் முப்பத்தெட்டு, நான் பார்த்தது, நான் அழித்தது. முதலாளி சொன்னதையும் சொன்னேன், ஆனால் அழித்தது நான் என்பதைத் திரும்பவும் சொன்னேன். "உங்க கைல ஒண்ணும் இல்லண்ணே. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் நெசம்," என்றேன்.

அவர் கடைசிவரை கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்வையில் இரக்கம்தான் இருந்தது.

அந்த எரரைக் காட்ட முடியுமா என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சும்மா ஒரு ஆசையில் கேட்பதுபோல இருந்தது. இல்லை அண்ணே, அழித்துவிட்டேன் என்றேன். போட்டோ? எடுக்கவில்லை. அந்த போல்ட்டு? மாற்றிவிட்டேன், தேய்த்துவிட்டேன். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் என்னிடம் இல்லை என்ற ஒரே பதில்தான் இருந்தது.

அவர் லேசாகச் சிரித்தார்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. நல்ல மனசு தங்கச்சி உங்களுக்கு. ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல வரல. மொகத்துலயே தெரியுது."

சத்தியமாக அண்ணே என்று ஆரம்பித்தேன். வாசலில் ஒரு பெரிய கார் வந்து ஹாரன் அடித்தது. போய்ச் சாப்பிடுங்க, பந்தி முடியப் போகுது என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் நடந்தார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் தூக்கி, வரச்சொல்லி டிரைவருக்குச் சைகை காட்டினார்.